கரையில் 3.5 கிலோ, கடலில் 1 கிலோகூட இல்லை: ஒரு விசைப்படகு எஞ்சினின் ஆயில் பிரஷர் ஆடிய கதை

மண்டபம் வடக்குக் கடலில் தொழில் பார்க்கும் ஒரு விசைப்படகு. 6 சிலிண்டர் டீசல் எஞ்சின். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, எஞ்சினையும் முழுசாகப் பிரித்து வேலை பார்த்து மறுபடி இறக்கியிருந்தார்கள். தடை முடிந்து தொழிலுக்குப் போன கொஞ்ச நாளிலேயே ஆயில் பிரஷர் முள் ஆட ஆரம்பித்துவிட்டது. திடீரென்று 5 கிலோவுக்கு மேல் ஏறும், அடுத்த நிமிடம் இரண்டரைக்கு வரும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி மூன்றரையில் நிற்கும். (நம் பக்கத்தில் கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. சுமார் 14 பி.எஸ்.ஐ.)

என்னிடம் வருவதற்கு முன்பே படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு மூன்று விதமான தீர்ப்பு கிடைத்திருந்தது. ஒருவர் மெயின் பேரிங் சரியாக உட்காரவில்லை, எஞ்சினைத் தூக்கியே ஆகவேண்டும் என்றார். இன்னொருவர் ஆயில் பம்ப் என்றார். மூன்றாமவர், மீட்டர்தான் கெட்டிருக்கும், கண்டுகொள்ளாமல் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். எஞ்சினைத் தூக்கினால் கிரேன், கூலி, பேரிங் செட், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வேலை என்று லட்சக்கணக்கில் போய்விடும். வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போக முடிகிற படகுக்குத் தொழில் நாள் போவதும் செலவுதான். கண்டுகொள்ளாமல் ஓட்டினாலோ, பிரச்சினை நிஜமாக இருந்தால் கடலுக்கு நடுவே கிராங்க் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்றில் எதையும் அளந்து பார்த்து யாரும் சொல்லவில்லை.

முதலில் டிரைவரிடம் உட்கார்ந்து பேசினேன். ஆயில் பிரஷர் புகாரில் பாதி விடை எஞ்சினை ஓட்டுகிறவரிடம்தான் இருக்கும். முள் வேகமாக நடுங்குகிறதா, மெதுவாக இறங்கி ஏறுகிறதா? எஞ்சின் சூடானபின் மட்டுமா, ஸ்டார்ட் செய்ததிலிருந்தேவா? கரையில் கட்டி ஓட்டும்போதும் இருக்கிறதா? அந்த நேரத்தில் டெம்பரேச்சர் மீட்டர் என்ன காட்டியது? டிரைவர் நல்ல கவனமுள்ள ஆள். டெம்பரேச்சர் மாறவே இல்லை என்றார். கரையில் முள் லேசாக நடுங்கும், அதிகமாக ஆடாது என்றார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "அண்ணே, எதிர்க்காத்துல அலை ஏறும்போது பஸ்ஸர் கீச்சுன்னு ஒரு சத்தம் போடும். உடனே நின்னுடும். மீட்டர்ல ரெண்டரை இருக்கும், அதனால பஸ்ஸர்தான் லூசுன்னு விட்டுட்டோம்."

அந்தக் 'கீச்'சை நோட்டில் தனியாக எழுதி வைத்தேன். லோ பிரஷர் பஸ்ஸருக்கு எஞ்சினில் தனி ஸ்விட்ச் இருக்கிறது. மீட்டருக்குப் போகும் சென்சார் வேறு, இது வேறு. இந்தப் படகில் இருந்த ஸ்விட்ச் பிரஷர் அரை கிலோ அளவுக்கு விழுந்தால்தான் சத்தம் போடும். ஒரே நேரத்தில் மீட்டர் 2.5 என்கிறது, பஸ்ஸர் 0.5 என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பொய் சொல்வது பஸ்ஸர்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

முதல் கோளாறு: எர்த்

மீட்டரிலிருந்து ஆரம்பித்தேன். பிரிக்காமல் பார்க்க முடிந்தது அதுதான்.

இந்தப் படகில் இருந்தது 10 முதல் 180 ஓம் வகை சென்சார். பிரஷர் இல்லாதபோது 10 ஓம் இருக்கும், பிரஷர் ஏற ஏற ஓம் ஏறி, 10 கிலோவுக்கு 180-ஐ ஒட்டி வரும். ஒற்றை ஒயர்தான். திரும்பும் கரண்ட் சென்சாரின் உடம்பு வழியாக, திருகுமறை வழியாக, எஞ்சின் பிளாக்குக்குப் போகும். இந்தத் திரும்பும் வழிதான் எர்த். அது கெட்டால், அந்த இடத்தில் ஏறும் தடை சென்சாரின் ஓம்முடன் சேர்ந்துகொள்ளும். அதனால் இந்த வகை மீட்டரில் எர்த் கோளாறு எப்போதும் பிரஷரைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஒயர் அறுந்தால் முள் மேலே போய் முட்டும். ஒயரின் தோல் உரிந்து பிளாக்கில் பட்டால் பூஜ்யத்துக்கு விழும். (ஓம் குறைந்தால் பிரஷர் கூடக் காட்டும் வேறு வகை மீட்டர்களும் சந்தையில் உண்டு. அதில் எல்லாம் தலைகீழ். எந்த வகை என்று பார்க்காமல் ஒயரைத் தொடக்கூடாது.)

நம் முள் 5-க்கு மேல் ஏறுகிறது என்றபோதே எர்த் மேல் சந்தேகம் வந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் உடம்பிலும், மறு முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிளாக்கிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் ஓட ஓட அது 2, 11, 30 ஓம் என்று குதித்தது. சென்சாரைக் கழற்றினால் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயில் கசியக் கூடாது என்று திருகுமறை முழுக்க டெஃப்லான் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். அது போய் உட்கார்ந்த அடாப்டரின் கீழே புது பெயிண்ட். உலோகத்தோடு உலோகம் எங்கோ ஒரு புள்ளியில்தான் தொட்டிருக்கிறது. அதுவும் எஞ்சின் அதிர்வில் விட்டு விட்டு.

கணக்கு இப்படி வருகிறது. 3.5 கிலோவில் இந்தச் சென்சார் சுமார் 74 ஓம். எர்த்தில் 30 ஓம் சேர்ந்தால் 104. மீட்டர் அதை 5-க்கு மேல் என்று காட்டும். சரி, முள் ஏன் மேலே ஏறியது என்பது தீர்ந்தது. நான் அதே கணக்கைக் கீழேயும் போட்டுப் பார்த்தேன். பிரஷர் நிஜமாகவே 1 கிலோவுக்கு விழுந்தால் சென்சார் 30 ஓம் பக்கம் வரும். அதோடு எர்த்தின் 30 சேர்ந்தால் 60. மீட்டரில் அது இரண்டரை கிலோ!

டிரைவர் சொன்ன அதே இரண்டரை.

டேப்பை எடுத்து, பெயிண்டைச் சுரண்டி, சென்சாரைச் செம்பு வாஷரோடு மாட்டி, அடாப்டரிலிருந்து பிளாக்குக்குத் தனியாக ஒரு எர்த் ஒயரும் போட்டேன். கரையில் ஓட்டியபோது முள் அசையவில்லை. ஐட்லிங்கில் 1.8, ஆயிரத்து ஐந்நூறு ஆர்.பி.எம்.மில் 3.5. "அவ்வளவுதானா, மீட்டர்தானே?" என்று சம்மாட்டி சந்தோஷப்பட்டார். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. மீட்டரில் கோளாறு இருந்தது உண்மை. அதனாலேயே எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. முள் எதற்காக மேலே போனது என்றுதான் தெரிந்திருக்கிறது. பஸ்ஸர் எதற்குக் கத்தியது என்று இன்னும் தெரியவில்லை.

கடலில் வைத்துப் பார்த்தது

கரையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இந்தக் கோளாறு தலைகாட்டாது. ஆகவே அனுமதி டோக்கன் வாங்கித் தொழிலுக்குக் கிளம்பிய நாளில் நானும் படகில் ஏறினேன். அதற்கு முன் மெயின் கேலரியில் (எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் முக்கியப் பாதை) சென்சார் இருக்கும் இடத்தில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு, ஒரு பக்கம் சென்சாரும் மறுபக்கம் மெக்கானிக்கல் கேஜும் மாட்டிக்கொண்டேன். மெக்கானிக்கல் கேஜில் கரண்ட் இல்லை, எர்த் இல்லை. ஆயிலே நேராகப் போய் வளைந்த குழாயை நிமிர்த்தி முள்ளைத் தள்ளுகிறது. ஆயில் பிரஷர் பற்றி யார் என்ன சொன்னாலும், இந்தக் கேஜ் ஒருமுறையாவது சொல்லிவிட்ட பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கச்சான் காற்று நல்ல வேகத்தில் இருந்தது. பாக் நீரிணை ஆழம் குறைவு. அங்கே அலை நீளமாக உருண்டு வராது, குட்டை குட்டையாக அடுத்தடுத்து அடிக்கும். காற்றை எதிர்த்துப் படகைத் திருப்பச் சொல்லிவிட்டு, எஞ்சின் அறையில் கேஜைப் போனில் வீடியோ எடுத்தேன். மேலிருந்து டிரைவர் "அணியம் ஏறுது... இறங்குது..." என்று குரல் கொடுத்தார். அணியம் என்றால் படகின் முன்பக்கம். ஏறுது என்று குரல் வந்த சற்று நேரத்தில் முள் 3.5-லிருந்து சரிந்து 0.8-க்கு வரும். இரண்டு மூன்று விநாடி அங்கேயே தடுமாறும். அணியம் இறங்கியதும் மெல்ல ஏறிப் பழைய இடத்துக்குப் போகும். பெரிய அலை ஒன்றில் 0.5-க்கும் கீழே போனது, பஸ்ஸர் கத்தியது. சரிசெய்த கரண்ட் மீட்டரும் இப்போது அதே எண்ணைக் காட்டியது. பஸ்ஸர் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

படகைத் திருப்பி அலையைப் பக்கவாட்டில் வாங்கினோம். படகு இருபுறமும் நன்றாகவே சாய்ந்து ஆடியது. முள் 3.3-க்குக் கீழே இறங்கவில்லை. அலைக்கு முதுகைக் காட்டி ஓடியபோது ஆட்டமே இல்லை. அணியம் தூக்கும்போது மட்டும்தான் பிரஷர் விழுகிறது.

இந்த ஒரு விவரம் பல சந்தேகங்களைத் தள்ளிவிட்டது. பேரிங் தேய்ந்திருந்தால் இடைவெளி வழியாக ஆயில் சதா ஒழுகும். சூடான ஐட்லிங்கில் பிரஷர் நிரந்தரமாகக் குறைவாக நிற்கும். அலைக்குத் தகுந்த மாதிரி விழுந்து எழாது. பம்ப் கியர் தேய்ந்தாலும் அப்படித்தான். ஆயிலில் டீசல் கலந்திருந்தால் ஆயில் இளகிப் பிரஷர் பொதுவாகக் குறையும், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் அளவும் ஏறும். அந்த வாசனை இல்லை. பிரஷர் கூடினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் துகள் சிக்கினால் பிரஷர் திடீரென விழும், ஆனால் அது அணியம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து விழாது. கரைக்கு வந்ததும் அந்த வால்வைக் கழற்றியும் பார்த்தேன், பிஸ்டன் கையால் தள்ளினாலே சுலபமாக ஓடியது. சக்‌ஷன் பைப் இணைப்பில் காற்று இழுத்தால்? அப்படியிருந்தால் கரையிலும் முள் அலையும். கரையிலோ அது ஆடாமல் நிற்கிறது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், ஆயில் இடம் மாறும்போது பம்ப்பின் வாய் வெளியே தெரிகிறது. இளநீர் தீரும் நேரத்தில் காயைச் சாய்த்தால் ஸ்ட்ரா காற்றை இழுக்குமே, அதேதான். இந்த எஞ்சினில் ஆயில் உறிஞ்சும் ஸ்டிரெயினரின் வாய் சம்ப்பின் முன்பகுதியில் இருக்கிறது. புரொப்பெல்லருக்குப் போகும் ஷாஃப்ட் கீழ்நோக்கிப் போவதால் எஞ்சினே பின்பக்கம் சற்றுச் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கும். அணியம் தூக்கினால் சாய்வு இன்னும் கூடி, ஆயில் முழுக்கப் பின்னால் ஓடும். முன்னால் இருக்கும் வாய்க்குக் காற்றுதான் கிடைக்கும். காற்று உள்ளே போனால் பிரஷர் உடனே விழும், அந்தக் காற்று வெளியேறி முடியும்வரை மேலே வராது. முள் மெல்ல ஏறியதற்கு அதுதான் காரணம்.

டிப்ஸ்டிக் ஃபுல் என்கிறது

சம்ப்பில் போதிய ஆயில் இருந்தால் இந்தச் சாய்வுக்கெல்லாம் வாய் வெளியே தெரியாது. ஆனால் ஆயில் குறைவு என்று சொன்னதும் டிரைவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். தினமும் விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக் பார்க்கிற ஆள் அவர். என் எதிரிலேயே உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். ஆயில் மேல் கோட்டில் சரியாக நின்றது.

இந்த இடத்தில் "சரி, ரெண்டு லிட்டர் சேர்த்துப் பார்ப்போம்" என்று தோன்றும். செய்யவே கூடாது. ஆயில் அளவுக்கு மேல் போனால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் அங்கேயும் பிரஷர் ஆடும். குறைந்தாலும் ஆடும், கூடினாலும் ஆடும் என்கிறபோது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஊற்றுவது குருட்டு வேலை.

அதனால் எஞ்சின் சூட்டிலேயே ஆயிலை முழுக்க இறக்கி, ஃபில்டரையும் வடியவிட்டு, அளவுக் கேனில் அளந்தோம். கையேட்டின்படி ஃபில்டரோடு சேர்த்து 14 லிட்டர் இருக்க வேண்டும். வந்தது 10 லிட்டர். டிப்ஸ்டிக் ஃபுல் காட்டிய எஞ்சினில் 4 லிட்டர் குறைகிறது.

டிப்ஸ்டிக்கில் பொறித்த எண்ணைப் பார்த்தேன். இந்த எஞ்சினுக்கு உரியதுதான். அடுத்து அது இறங்கும் வழிகாட்டிக் குழாயைப் பார்த்தேன். எஞ்சின் முழுக்க ஒரே பெயிண்ட், இந்தக் குழாய் மட்டும் பளபளவென்று புதுசு. பழைய குழாய் துருப்பிடித்திருக்கும், மாற்றியிருக்கிறார்கள். கடல் காற்றில் ஓடும் எஞ்சினில் அது சகஜம். ஆனால் புதுக் குழாயைக் கடையில் வாங்கிய நீளத்திலிருந்து வெட்டி மாட்டியிருக்கிறார்கள். அதே மாடல் எஞ்சின் உள்ள பக்கத்துப் படகில் அளந்து பார்த்தோம். நம்முடையது 3 சென்டிமீட்டர் குட்டை.

குழாய் குட்டையானால் டிப்ஸ்டிக்கின் தலை அவ்வளவு கீழே போய் உட்காரும், நுனியும் அவ்வளவு ஆழமாக இறங்கும். மேல் கோடு 3 சென்டிமீட்டர் கீழே இருக்கும் ஆயிலைத் தொட்டுவிட்டு ஃபுல் என்று சொல்லும். சம்ப்பின் உள் அளவு சுமாராக 65-க்கு 20 சென்டிமீட்டர், அதாவது 1,300 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.3 லிட்டர். மூன்று சென்டிமீட்டருக்கு 3.9 லிட்டர். கேனில் குறைந்த 4 லிட்டரும் இந்தக் கணக்கும் பொருந்திவிட்டன. எனக்கு இந்த வேலையில் மிகவும் நிறைவு தந்த இடம் இதுதான். இரண்டு தனித்தனி வழியில் போன அளவுகள் ஒரே எண்ணில் வந்து நின்றன.

டிரைவரின் பார்வையில் தவறில்லை. அவர் கையில் இருந்த அளவுகோல்தான் தவறு. படகுக் கூடத்தில் எஞ்சின் வேலை பார்த்தவர்களும் பேரிங்கிலோ கிராங்கிலோ குறை வைக்கவில்லை.

சரிசெய்ததும் அதன் பிறகும்

சரியான நீளத்தில் குழாய் மாட்டி, புது ஃபில்டர் போட்டு, 14 லிட்டரை அளந்து ஊற்றி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தினோம். ஆயில் வடிந்து இறங்கியபின் டிப்ஸ்டிக் பார்த்தால் மேல் கோட்டுக்கு இம்மி கீழே. அந்த இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டேன். இந்தப் படகுக்கு, இந்தச் சாய்வுக்கு அதுதான் ஃபுல். ஐஸ் ஏற்றினாலும் டீசல் நிரப்பினாலும் படகின் சாய்வு மாறும். ஆகவே எப்போதும் ஐஸ் ஏற்றுவதற்கு முன், ஜெட்டியில் கட்டிய நிலையில் பார்க்கச் சொன்னேன்.

மறுபடி அதே மாதிரிக் காற்றில், அதே எதிர் அலையில் ஓட்டினோம். அணியம் எவ்வளவு தூக்கினாலும் முள் 3.5-க்கும் 3.3-க்கும் இடையிலேயே நின்றது. பஸ்ஸர் வாயைத் திறக்கவில்லை.

மெக்கானிக்கல் கேஜை அங்கேயே விட்டுவிடும்படி சம்மாட்டி கேட்டார், நான் மறுத்துக் கழற்றிவிட்டேன். அதன் செம்புக் குழாய் அதிர்வில் வெடித்தால், ஓடும் எஞ்சின் தன் ஆயிலைத் தானே எஞ்சின் அறையில் கொட்டிவிடும். சிறிய பிஸ்டன் விமானங்களில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கேஜுக்குப் போகும் குழாயின் தொடக்கத்தில் ஒரு நுண்துளை வைத்திருப்பார்கள், குழாய் உடைந்தாலும் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். அந்த விமானிகளுக்குச் சொல்லித்தரும் விதியும் நமக்குப் பொருந்தும். ஆயில் பிரஷர் விழுந்தால் உடனே ஆயில் டெம்பரேச்சரைப் பார். அது இயல்பாக இருந்தால் மீட்டரோ ரிலீஃப் வால்வோ காரணமாக இருக்கலாம், ஆனாலும் பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் இறங்கிவிடு. பிரஷர் போய் டெம்பரேச்சரும் ஏறினால் எஞ்சின் நிற்கப்போகிறது என்று எடுத்துக்கொள். மீட்டர் கோளாறாக இருக்கலாம் என்று தெரிந்தும், தொடர்ந்து பற என்று அந்த விதி சொல்லவில்லை. நம் படகிலும் டெம்பரேச்சர் கடைசிவரை ஏறவில்லை. சில விநாடிப் பட்டினியில் எஞ்சின் சூடாகாது, பேரிங் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

அந்தத் தேய்மானம் எவ்வளவு என்பதுதான் மீதிக் கேள்வி. பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, வெயிலில் காட்டிப் பார்த்தேன். காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தூள் கொஞ்சம், வேலை முடிந்து ஓடத் தொடங்கிய எஞ்சினில் அது வரும். சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில்கள் சில இருந்தன. பேரிங்கின் மேல்பூச்சு அந்த நிறம். அதற்குக் கீழே உள்ள செம்பு நிற அடுக்கு எங்கும் தென்படவில்லை. செம்பு நிறம் தெரிந்திருந்தால், சம்மாட்டிக்கு எவ்வளவு கஷ்டமென்றாலும் எஞ்சினைத் தூக்கச் சொல்லியிருப்பேன். தெரியாததால் ஓட்டலாம் என்றேன், ஒரு நிபந்தனையோடு.

ஆயில் மாற்றும் இடைவெளியை இந்த வருடத்துக்குப் பாதியாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரை அறுத்து என்னிடம் காட்ட வேண்டும். சூடான ஐட்லிங் பிரஷரை டிரைவர் தினமும் நோட்டில் எழுத வேண்டும். இப்போது 1.8. அது 1.4-க்கு வந்தாலோ, ஃபில்டரில் செம்பு நிறம் தெரிந்தாலோ, அடுத்த தடைக்காலம் வரை காத்திருக்காமல் பேரிங் மூடியைத் திறப்பது என்று சம்மாட்டியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். இல்லையென்றால் ஏப்ரலில் படகு கரையேறும்போது சம்ப்பை இறக்கி, முன்பக்கத்து இரண்டு பிக் எண்ட் பேரிங்கை (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) மட்டும் எடுத்துப் பார்ப்போம்.